இதயத்துக்குள் ஓர் அடிபம்பு

2003 ஜூன் ஒன்பதாம் தேதி காலை ஐந்து பத்துக்கு உப்புமேட்டு மூன்றாம் தெரு அடிபம்புத் தண்ணீர் தீப்பிடித்தது.

திருவொற்றியூரில் உள்ள அந்தத் தெருவில் அறுபத்துநான்கு வீடுகள். பம்பு ஒன்று. பூவம்மா அண்டாவில் தண்ணீர் அடித்து வைத்துவிட்டு, விறகடுப்பைப் பற்றவைத்து, குச்சியை வீசினார். குச்சி அண்டாவுக்குள் விழுந்தது. அண்டா எரிந்தது. ஈரச் சாக்கைப் போட்டு மூடிவிட்டு அவர் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினார்.

பக்கத்து வீட்டில் சௌக்கத் அலி இருந்தார். கல்யாண வீடியோ எடுப்பவர். 'ஷாஹின் வீடியோ' என்று அவருடைய ஸ்கூட்டரின் ஸ்டெப்னி உறையில் எழுதியிருக்கும். கேமராவைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தார். பூவம்மா பம்பை அடித்து, அதன் வாயில் இன்னொரு குச்சியைக் கிழித்துக் காட்டினார். தண்ணீர் மறுபடியும் எரிந்தது. சௌக்கத் அலி பதினோரு நிமிடம் எடுத்தார். பூவம்மா கேமராவைப் பார்த்துத் தெருவின் பெயரைச் சொன்னார். தேதியைச் சொன்னார். தெருவுக்கு அடியில் எண்ணெய்க் குழாய் போகிறது என்றார். அது யாருடைய குழாய் என்றும் சொன்னார்.

அன்று முதல் தெருப் பெண்கள் ரயில் பாதையைத் தாண்டிப் போய்த் தண்ணீர் எடுத்தார்கள். இரண்டாம் நாள் ஒரு பெண் குடத்தோடு தண்டவாளத்தில் விழுந்தார். அவரை இழுத்துவிட்டார்கள். குடத்தின் மேல் ரயில் போனது.

நிலத்தடி நீர்க் கண்காணிப்பு அலுவலகத்தில் விதி தெளிவாக இருந்தது. துணை இயக்குநர் நேரில் பார்த்தால்தான் புகார் புகாராகும். பார்த்துவிட்டால் அன்றே லாரியில் தண்ணீர் அனுப்ப வேண்டும். குழாயை நிறுத்திச் சோதிக்க வேண்டும். அதனால் துணை இயக்குநர் பரசுராமன் எதையும் நேரில் பார்ப்பதில்லை. புகார் கொடுக்கப் போன தெருக்காரர்களிடம் எழுத்தர் இதை ஒளிக்காமல் சொன்னார். வீடியோ கேசட் இருந்தால் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார்.

கொடுத்தார்கள். ஒன்பது நாளில் கேசட் திரும்பி வந்தது. மேலே ஒரு குறிப்பு குத்தியிருந்தது: 'திருமண ஒளிநாடா. தவறுதலாக அனுப்பப்பட்டுள்ளது. மணமக்களுக்கு வாழ்த்துகள்.'

தவறு செல்வத்துடையது. செல்வம் தண்டையார்பேட்டையில் மிக்சிங் கடை வைத்திருந்தார். எடுத்த கல்யாணத்துக்குத் தலைப்பு, பாட்டு, பூ எல்லாம் அங்கேதான் சேரும். கேசட்டை ஒழுங்கு செய்யக் கொடுத்தபோது அவர் எரியும் அடிபம்பை ஒரு சிவப்பு இதயத்துக்குள் வைத்திருந்தார். நான்கு மூலையிலிருந்தும் ரோஜா விழுந்தது. கடைசியில் இரண்டு கைகள் கும்பிட்டன.

"வைகாசி கல்யாணமே நாப்பது பெண்டிங் கீது பாய். கை அதும்பாட்டுக்குப் போட்டுடுச்சு," என்றார் செல்வம்.

"நாதஸ்வரம் எதுக்குடா?"

"அந்தம்மா நடுவுல மூச்சு வுட்டுச்சு. கேப்பு வந்துச்சு."

அந்த மாதம் கல்யாணம் குறைவு. சௌக்கத் அலிக்கு ராயபுரத்தில் புதிதாக ஓர் இடத்தில் வேலை கிடைத்தது. துறைமுகச் சுவரை ஒட்டிய பழைய மிளகாய் வற்றல் கிடங்கு. இப்போது அதன் பெயர் 'வெற்றிடம்: சுயேச்சைக் கலைவெளி'. பலகையில் 'சுயேச்சை' பெரிய எழுத்தில் இருந்தது. அதன் கீழே ஆதரவு தரும் நிறுவனத்தின் முத்திரை அதைவிடப் பெரிதாக இருந்தது. அந்த முத்திரை சௌக்கத் அலிக்குப் பழக்கமானது. உப்புமேட்டில் குழாய் போகும் வழியெல்லாம் நட்ட கல்லில் அது இருக்கும்.

நிகழ்ச்சிகளை வீடியோவில் பதிவு செய்து கொடுப்பது அவர் வேலை. விளக்கு மட்டும் போடக் கூடாது. விளக்கு பார்வையாளனை அதிகாரம் செய்கிறது என்று வெற்றிடத்தின் இயக்குநர் மாயா சொல்லியிருந்தார்.

உள்ளே நுழைந்ததும் இன்னொரு பலகை: 'இங்கே எதுவும் விளக்கப்படாது.' முதல் நாள் சௌக்கத் அலி கழிப்பறை எங்கே என்று கேட்டார். வரவேற்பில் இருந்த பெண் அந்தப் பலகையைக் காட்டினார்.

நாற்காலிகள் கூரையிலிருந்து தொங்கின. அவை ஒரு படைப்பு. பார்வையாளர்கள் நின்றார்கள். வற்றலின் காரம் சுவரை விட்டுப் போகவில்லை. எல்லோரும் தும்மினார்கள். தும்மலுக்குப் பங்கேற்பு என்று பெயர்.

ஜூலை முதல் வாரம் இசை நிகழ்ச்சி. எண்ணூரிலிருந்து ஒரு பழைய ஃப்ரிட்ஜைக் கொண்டுவந்து நடுவில் வைத்தார்கள். இசைக்கலைஞர் அதன் முதுகில் மைக்கை ஒட்டிவிட்டுத் தள்ளி நின்றார். ஃப்ரிட்ஜ் இரண்டு மணி நேரம் உறுமியது. பிறகு கரண்ட் போனது. அப்போதுதான் பெரிய கைதட்டல். இசைக்கலைஞர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மின்வாரியத்தோடு இப்படி ஒரு கூட்டு முயற்சியைத் தான் எதிர்பார்க்கவில்லை என்றார்.

இரண்டாம் வாரம் புத்தக வெளியீடு. இருபத்தேழு பிரதிகள். எல்லாவற்றையும் சிமெண்டுக் கட்டிக்குள் வைத்துப் பூசியிருந்தார்கள். உடைத்தால்தான் படிக்கலாம். உடைத்தால் அது அந்தப் புத்தகம் அல்ல. விமர்சகர் ஒருவர் நாற்பது நிமிடம் பேசினார். இந்த ஆண்டின் மிகக் கனமான நூல் என்றார். பிரதியைப் பெற்றுக்கொள்ள வந்த முதியவரால் அதைத் தூக்க முடியவில்லை. காவலாளி ஞானதுரை வந்து தூக்கி ஆட்டோவில் ஏற்றினார்.

மூன்றாம் வாரம் அழைப்பிதழ்கள் அச்சாகி வந்தன. ஆகஸ்ட் இரண்டாம் தேதி, சனிக்கிழமை மாலை ஆறு மணி, சோதனை வீடியோ விழா. தலைமை விருந்தினர்: துணை இயக்குநர் பரசுராமன்.

சௌக்கத் அலி அதை இரண்டு முறை படித்தார். பரசுராமன் கலை ரசிகரா என்று ஞானதுரையிடம் கேட்டார். எங்கே கூப்பிட்டாலும் வந்துவிடுவார், அலுவலகத்துக்குத்தான் போக மாட்டார் என்றார் ஞானதுரை.

மறுநாள் சௌக்கத் அலி தன் கேசட்டை மாயாவிடம் கொடுத்தார். விழாவில் போட வேண்டும் என்றார். மாயா ஒரு படிவம் கொடுத்தார். 'உங்கள் படைப்பு எதை மறுக்கிறது?' என்று முதல் கேள்வி. சௌக்கத் அலி யோசித்து எழுதினார்: 'எதையும் மறுக்கவில்லை. தண்ணீர் எரிகிறது.' மாயா அதைப் படித்தார். பிறகு கேசட்டைப் போட்டுப் பார்த்தார். இதயம் வந்தது. அடிபம்பு எரிந்தது. ரோஜா விழுந்தது. மாயாவின் கண் கலங்கியது.

"இந்த ஹார்ட்... இதை எப்படி யோசிச்சீங்க?"

"நான் யோசிக்கல மேடம். செல்வம்."

"அதான். யோசிச்சா வராது."

ஒரே ஒரு திருத்தம் என்றார். பூவம்மா தெருவின் பெயரைச் சொல்லும் இடத்தை எடுத்துவிட வேண்டும். பெயர் சொன்னால் பார்வையாளன் அந்தத் தெருவிலேயே நின்றுவிடுவான். சௌக்கத் அலி எடுத்தார். நான்கு நாள் கழித்துக் கீழே ஓடும் தேதியை எடுக்கச் சொன்னார். எரிவது எல்லாக் காலத்துக்கும் உரியது. எடுத்தார். பிறகு குழாயைப் பற்றிய பேச்சு. அது காரணம் சொல்கிறது. வெற்றிடத்தில் காரணத்துக்கு அனுமதி இல்லை. எடுத்தார். கடைசியில் பூவம்மாவின் முகம். முகம் இருந்தால் இரக்கம் வரும். இரக்கம் பழைய கலை. எடுத்தார். பதினோரு நிமிடத்தில் இரண்டு நிமிடம் மிஞ்சியது. அதை மெதுவாக்கி நாற்பது நிமிடம் ஆக்கினார்கள். 'பெயரிடாதது 6' என்று பெயரிட்டார்கள்.

பரசுராமன் பார்த்தால் போதும் என்று சௌக்கத் அலி நினைத்தார். வீட்டுக்குப் போய் பூவம்மாவிடம் நடந்ததைச் சொன்னார். பூவம்மா அப்போதுதான் ரயில் பாதையைத் தாண்டி மூன்றாவது நடை வந்திருந்தார். குடத்தை இறக்காமலே கேட்டார்.

"தெரு இல்ல. தேதி இல்ல. நானும் இல்ல. அப்பறம் அவன் இன்னாத்தப் பாப்பான்?"

"தண்ணியப் பாப்பாரு."

"எந்தத் தெரு தண்ணின்னு அதும் மேல எழுதியா கீது?"

சௌக்கத் அலி குடத்தை வாங்கி இறக்கிவைத்தார். விழா எத்தனை மணிக்கு என்று மட்டும் பூவம்மா கேட்டுக்கொண்டார்.

சனிக்கிழமை பரசுராமன் சரியாக ஆறு மணிக்கு வந்தார். வெள்ளைச் சட்டை. தும்மினார். எல்லோரும் நின்றபடி 'பெயரிடாதது 6'-ஐ நாற்பது நிமிடம் பார்த்தார்கள். இதயத்துக்குள் தீ மிக மெதுவாக அசைந்தது. முடிந்ததும் மாயா பேசினார்.

"இந்த இடத்துக்கு ஆதரவு தருபவர்கள் இதுவரை ஒருமுறைகூட எங்களை எதையும் நீக்கச் சொன்னதில்லை. அந்த வேலை அவர்களுக்கு வந்துவிடக் கூடாது என்பதில் நாங்கள் கவனமாக இருக்கிறோம். இதைத்தான் சுயேச்சை என்கிறோம்."

கைதட்டினார்கள். பரசுராமன் மைக்கை வாங்கினார்.

"தண்ணீர் எரிகிறது! என்ன கற்பனை. நான் இருபத்தாறு ஆண்டுகளாகத் தண்ணீர்த் துறையில் இருக்கிறேன். எனக்கே தோன்றவில்லை. என் மேசைக்குத் தினமும் நூறு காகிதம் வருகிறது. ஒன்றையும் படிப்பதில்லை. படித்தால் மனதில் உள்ள ரசிகன் செத்துவிடுவான். இந்த கிராபிக்ஸ் செய்த தம்பிக்கு என் பாராட்டு."

அப்போது வாசலில் பூவம்மா நின்றார். இடுப்பில் எவர்சில்வர் குடம். பின்னால் உப்புமேட்டிலிருந்து ஐந்து பெண்கள். கையில் எதையாவது கொண்டுவருபவர்களுக்கு அட்டை தருவது வெற்றிடத்தின் முறை. ஞானதுரை ஓர் அட்டையை எடுத்துப் பூவம்மாவின் கழுத்தில் மாட்டினார். 'பங்கேற்புக் கலைஞர்.' உள்ளே விட்டார்.

பூவம்மா நேராகப் பரசுராமனுக்கு எதிரில் போய்க் குடத்தை இறக்கினார்.

"சார், அது கிராபிக்ஸ் இல்ல. உப்புமேட்டு மூணாந்தெரு தண்ணி. இன்னிக்கிக் காத்தால அடிச்சது."

கைதட்டினார்கள். பூவம்மா குச்சியைக் கிழித்துக் குடத்தில் போட்டார். தீ ஒரு முழத்துக்கு எழுந்தது. தொங்கிய நாற்காலிகளில் வெளிச்சம் ஆடியது. இன்னும் பலமாகக் கைதட்டினார்கள். பரசுராமனும் தட்டினார். ஒரு நீள முடிக்காரர் முன்னால் வந்து, பூவம்மா எந்தப் பள்ளியில் பயிற்சி பெற்றார் என்று கேட்டார். ரயில் கேட்டுக்கு அந்தாண்ட மாநகராட்சிப் பள்ளியில் மூன்றாவது வரை என்றார் பூவம்மா. அதற்கும் கைதட்டினார்கள்.

"இன்னாத்துக்குக் கை தட்றீங்க? எங்க புள்ளைங்களுக்கு மேலெல்லாம் சொறி. குளிக்கத் தண்ணி இல்ல. ரயிலுக்குக் குறுக்கால வுழுந்து எழுந்து வாரோம்."

விமர்சகர் இதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். மாயா சௌக்கத் அலியின் பக்கம் திரும்பி, எதையும் விட்டுவிடாமல் எடுக்கும்படி கையால் சொன்னார். பூவம்மா திட்டினார். வடசென்னையில் ஒருவரைத் திட்ட இருக்கும் சொற்களில் பாதியைச் சொன்னார். அரங்கம் மெய்சிலிர்த்தது. என்ன செய்தாலும் அது கலையாகிக்கொண்டே இருந்தது. குடத்தில் தீ தணிந்தது. பரசுராமன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பூவம்மா சௌக்கத் அலியைப் பார்த்தார்.

சௌக்கத் அலி விளக்கைப் போட்டார்.

அது ஆயிரம் வாட் விளக்கு. கல்யாண மண்டபத்தில் அது என்ன செய்யும் என்று அவருக்குத் தெரியும். சாப்பிடுகிறவர் வாயைத் துடைப்பார். சண்டை போடுகிறவர்கள் சிரிப்பார்கள். சம்பந்தி வீட்டில் ஒருவர் முகம் விட்டுப்போனால் கேசட் திரும்பி வரும். அதனால் ஒருவரையும் விடாமல், இடது பக்கத்திலிருந்து வரிசையாகப் போவது தொழில்.

இடது பக்கத்தில் ஃப்ரிட்ஜ் இசைக்கலைஞர் நின்றார். "பேரு, எங்கேருந்து வரீங்க, ரெண்டு வார்த்தை சொல்லுங்க," என்றார் சௌக்கத் அலி. இசைக்கலைஞர் முடியை ஒதுக்கிக்கொண்டு பெயரைச் சொன்னார். சொந்த ஊர் கடலூர் என்றார். எல்லோரும் நன்றாக இருக்க வேண்டும் என்றார். விமர்சகர் குறிப்பேட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, தன் மனைவியால் வர முடியவில்லை, அவர் சார்பிலும் வாழ்த்துவதாகச் சொன்னார். மாயா விளக்கை அணைக்கச் சொல்ல வாயைத் திறந்தார். வெளிச்சம் முகத்தில் விழுந்தது. அவர் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு புன்னகை செய்தார்.

அடுத்தது பரசுராமன். அவர் ஏற்கெனவே சட்டைப் பையிலிருந்து சீப்பை எடுத்திருந்தார்.

மாப்பிள்ளை பெயர் தெரியாத விருந்தினர்களுக்கு சௌக்கத் அலி கேமராவுக்குப் பின்னாலிருந்து மெதுவாக எடுத்துக் கொடுப்பார். அதே குரலில் எடுத்துக் கொடுத்தார். பேரு சார். வேலை. தேதி. உப்புமேட்டு மூணாந்தெரு தண்ணி சார், நேர்ல பாத்தீங்க.

"நான் பரசுராமன். துணை இயக்குநர், நிலத்தடி நீர்க் கண்காணிப்பு. இன்று ஆகஸ்ட் இரண்டாம் தேதி. உப்புமேட்டு மூன்றாம் தெருத் தண்ணீர் எரிவதை என் கண்ணால் நேரில் பார்த்தேன். இவர்கள் எல்லா வளமும் பெற்றுப் பல்லாண்டு வாழ வாழ்த்துகிறேன்."

கும்பிட்டார். சௌக்கத் அலி விளக்கை அணைத்தார்.

அந்த கேசட் செல்வத்தின் கடைக்குப் போகவில்லை. ஞாயிறு மதியம் திருவொற்றியூர் கேபிள்காரர் அதை இரண்டு சினிமாக்களுக்கு நடுவில் மூன்று முறை போட்டார். அவருடைய மாமியார் வீடு உப்புமேட்டில் இருந்தது.

மூன்று மணிக்கு மாயா காரில் வந்து இறங்கினார். தெருவுக்கு அவர் வருவது முதல் முறை. அந்தப் பதிவு வெற்றிடத்தின் உடைமை என்றார். மூன்று பிரதிக்கு மேல் இருந்தால் அதன் அரிய தன்மை போய்விடும். முக்கியமாக, அதைக் கொண்டு எதையும் விளக்கக் கூடாது. பேசிக்கொண்டே அவர் பம்பைப் பார்த்தார். அதைச் சுற்றி நடந்தார். கைப்பிடியைத் தொட்டு முகர்ந்தார். அடுத்த நிகழ்ச்சிப் பருவத்துக்கு இதை ராயபுரத்துக்குக் கொண்டுவர முடியுமா என்று கேட்டார்.

"தாராளமா எடுத்துக்கினு போம்மா," என்றார் பூவம்மா. "அடியில கீற குழாயையும் சேத்துத் தோண்டி எடுத்துக்கினு போ."

மாயா சிரித்தார். தெருவில் வேறு யாரும் சிரிக்கவில்லை. அவர் காரில் ஏறிக்கொண்டார்.

திங்கட்கிழமை அறுபத்துநான்கு வீட்டிலிருந்தும் வீட்டுக்கு ஒருவர் அலுவலகத்துக்குப் போனார்கள். கேசட்டோடு போனார்கள். எழுத்தர் ஞாயிற்றுக்கிழமையே கேபிளில் பார்த்திருந்தார். உள்ளே கைகாட்டினார். பரசுராமன் அன்று வந்திருந்தார். வேறு எங்கும் நிகழ்ச்சி இல்லை.

அவர் எல்லோரையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்.

"நீங்கள் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். அங்கே நான் ரசிகனாகப் பார்த்தேன். அதிகாரியாகப் பார்க்கவில்லை. கண் ஒன்றுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பணி நேரம் காலை பத்திலிருந்து மாலை ஐந்தே முக்கால் வரை. சனி, ஞாயிறு விடுமுறை. சனிக்கிழமை மாலை ஏழு மணிக்கு நான் எதைப் பார்த்தாலும் சட்டப்படி அது பார்த்ததாகாது. பார்த்ததாக எடுத்துக்கொண்டால், விடுமுறை நாளில் ஒரு துணை இயக்குநர் கண்ணை மூடிக்கொண்டுதான் தெருவில் நடக்க வேண்டியிருக்கும். இதில் எனக்கும் வருத்தம்தான். மேலிடத்துக்கு எழுதி, விடுமுறை நாள் பார்வை பற்றி ஒரு தெளிவுரை கேட்கலாம். ஆறு மாதம் ஆகும்."

பூவம்மா முழுவதையும் கேட்டார். பிறகு கதவருகில் நின்ற பெண்ணிடம் கையை நீட்டினார். குடம் கைமாறி வந்தது. மேசையின் மேல் இருந்த காகிதங்களை அவரே ஒதுக்கினார். குடத்தை வைத்தார். குச்சி கிழித்தார். கூரை விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. தீ ஒரு பக்கமாகச் சாய்ந்து எரிந்தது. பரசுராமன் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். பின்னால் சுவர் இருந்தது.

"பாய், லைட்டப் போடு."

சௌக்கத் அலி போட்டார். வெளிச்சம் விழுந்ததும் பரசுராமனின் கை தானாகச் சட்டைக் காலருக்குப் போனது. பாதியில் நின்றது. பூவம்மா மேசையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டார்.

"இப்ப மணி பதினொண்ணு. திங்கக்கெழம. லாரி எத்தினி மணிக்கு வரும் சார்?"